அதே கணினி, அதே சாவி

கணினி மெதுவாகிவிட்டது, அல்லது வைரஸ் புகுந்துவிட்டது, அல்லது சும்மா கை அரிக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்து விண்டோஸை மறுபடி போடுகிறார் ஒருவர். பாதி வழியில் திரை நின்று 25 எழுத்துச் சாவியைக் கேட்கிறது. போன வருடம் கொடுத்த அதே எண்ணை இப்போதும் கொடுக்கலாமா? "இது ஏற்கனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது" என்று திருப்பி அனுப்பிவிடுமா?

கொடுக்கலாம். விண்டோஸுக்குச் சாவி என்று ஒன்று வந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு இதுதான் பதில். ஒரு உரிமம் ஒரு கணினிக்கு. அதே கணினியில் எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இவ்வளவு எளிதான பதில் இருந்தும் கேள்வி மட்டும் ஓயவே இல்லை. காரணம், "அதே கணினி" என்பதில் இருக்கிற "அதே". மெமரியை மாற்றினால் அதே கணினியா? மதர்போர்டை மாற்றினால்? பதில் சொல்லும் உரிமை யாருக்கு, காசு கொடுத்தவருக்கா விற்றவருக்கா? விண்டோஸ் சாவியின் வரலாறு என்பது பெரும்பாலும் இந்தச் சண்டைதான்.

கதை விண்டோஸுக்கு வெகு முன்னால் தொடங்குகிறது. 1969 வரை மென்பொருளுக்குத் தனி விலை என்பதே அபூர்வம். ஐபிஎம் பெரிய கணினியைக் கொடுக்கும்போது மென்பொருளும் அதோடு சேர்ந்தே வரும், வேட்டி வாங்கினால் பை இலவசம் என்கிற மாதிரி. அந்த ஆண்டு ஜூனில் ஐபிஎம் இரண்டையும் பிரித்து விலை வைப்பதாக அறிவித்தது. மென்பொருள் தனிச் சரக்கானது.

சரக்கு என்றால் திருட்டும் உண்டு. 1975-ல் ஆல்டேர் என்ற வீட்டுக் கணினிக்காக பில் கேட்ஸும் பால் ஆலனும் பேசிக் மொழியை எழுதிக் கொடுத்தார்கள். அது காகித நாடாவில் துளைகளாக வந்தது. கலிபோர்னியாவின் கணினி ஆர்வலர் சங்கத்தில் ஒரு நாடா கைமாறி, பல நாடாக்களாகப் பெருகியது. 1976 பிப்ரவரி 3 தேதியிட்டு கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 20. ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்து சதவீதம் பேர்கூட பேசிக்கை வாங்கவில்லை, கிடைத்த ராயல்டியைக் கணக்குப் போட்டால் உழைத்த நேரத்துக்கு மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை என்பது அவர் புகார். உங்களில் பெரும்பாலோர் திருடுகிறீர்கள் என்று பட்டவர்த்தனமாகவே சொன்னார். படித்தவர்களுக்குக் கோபம் வந்தது, குறிப்பாகக் காசு கொடுத்து வாங்கியிருந்தவர்களுக்கு!

அந்தக் காலத்து விலைப்பட்டியலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆல்டேரின் உதிரி பாகங்களோடு சேர்த்து வாங்கினால் பேசிக் மலிவு. தனியாக வாங்கினால் பல மடங்கு. இந்த இரட்டை விலை பின்னால் மறுபடி வரும்.

1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது மைக்ரோசாஃப்டின் டாஸில் சாவி எண் எதுவும் கிடையாது. மற்ற கம்பெனிகள் பூட்டுப் போட்டுப் பார்த்தன. லோட்டஸ் 1-2-3 தன் மூல ஃப்ளாப்பியை டிரைவில் வைத்தால்தான் ஓடும். மைக்ரோசாஃப்டுக்கு அந்தக் கவலை குறைவு. அது பணம் வாங்கியது பெரும்பாலும் உங்களிடமிருந்து அல்ல, கணினி தயாரித்தவரிடமிருந்து. சில தயாரிப்பாளர்களோடு அது போட்ட ஒப்பந்தம் இன்னும் வேடிக்கையானது. ஒரு குறிப்பிட்ட ப்ராசஸர் வைத்த கணினி எத்தனை வெளியே போகிறதோ அத்தனைக்கும் பணம் கட்ட வேண்டும், அதில் டாஸ் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அமெரிக்க நீதித்துறை தலையிட்டு, 1994 ஜூலையில் இந்த முறையைக் கைவிட மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது.

அடுத்த வருடம் விண்டோஸ் 95. 1995 ஆகஸ்ட் 24 அன்று நள்ளிரவில் கடை வாசலில் வரிசை நின்றது. பொதுமக்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப்போன அந்த விண்டோஸுக்குச் சிடி உறையில் ஒட்டிய ஒரு சாவி உண்டு. மூன்று இலக்கம், ஒரு கோடு, ஏழு இலக்கம்.

அந்தப் பூட்டு எப்படி வேலை செய்தது தெரியுமா? கடைசி ஏழு இலக்கங்களைக் கூட்டினால் வரும் எண் ஏழால் மீதமின்றி வகுபட வேண்டும். முதல் மூன்று இலக்கம் 333, 444 என்று 999 வரையிலான ஏழு எண்களில் ஒன்றாக இருக்கக் கூடாது. ஏறக்குறைய அவ்வளவுதான்! பத்து ஒன்றுகளை வரிசையாக அடித்தால் விண்டோஸ் 95 திறந்துகொள்ளும், ஏழு ஒன்றைக் கூட்டினால் ஏழு என்பதால். எட்டாம் வகுப்புக் கணக்கு.

அந்தச் சாவிக்கு உங்கள் கணினியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தான் சரியான எண்தானா என்று மட்டும் அதற்குத் தெரியும். ஒரே எண்ணை ஆயிரம் கணினியில் போட்டாலும் ஆயிரமும் ஓடும். "ஒரு உரிமம் ஒரு கணினி" என்ற வாசகம் ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தது. அதைக் காப்பாற்றியது வாங்கியவரின் மனசாட்சி, அவ்வளவுதான். ஆனால் நேர்மையாக வாங்கியவருக்கு அது பொற்காலம். வாரம் ஒரு முறை ஃபார்மேட் செய்தாலும் கேள்வி கேட்க ஆள் இல்லை.

1998-ல் வந்த விண்டோஸ் 98 சாவியை 25 எழுத்தாக்கியது, ஐந்து ஐந்தாக ஐந்து கூட்டம். ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக மொத்தம் 36 குறிகள் இருக்கையில் இதில் வருவது 24 மட்டும். சுழியம் கிடையாது, ஓ எழுத்தும் கிடையாது. ஒன்று கிடையாது, ஐயும் எல்லும் கிடையாது. எழுதிவைத்துக்கொள்பவர் குழம்பக் கூடாதே! ஆனால் பி எழுத்தும் 8-ம் சேர்ந்தே உள்ளன. ஜி எழுத்தும் 6-ம் அப்படியே. மங்கிய ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் பார்த்து அது பியா எட்டா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தியவர்கள் உலகம் முழுக்க இருப்பார்கள். கணக்கு கடினமானதே தவிர, இந்தச் சாவிக்கும் எந்தக் கணினியில் தான் இருக்கிறோம் என்பது தெரியாது.

அதைத் தெரிந்துகொண்டது 2001 அக்டோபர் 25 அன்று வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி. ஆபீஸ் 2000 காலத்திலேயே சில நாடுகளில் ஒத்திகை பார்த்த ஆக்டிவேஷன் என்ற முறை எக்ஸ்பியோடு எல்லோர் வீட்டுக்கும் வந்தது. விண்டோஸைப் போட்ட 30 நாளுக்குள் இணையம் வழியாகவோ தொலைபேசியிலோ மைக்ரோசாஃப்டுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் உள்ளே நுழைய முடியாது.

அப்படி என்ன சொல்கிறது எக்ஸ்பி? நம் வீட்டு ரகசியத்தையெல்லாம் அனுப்புகிறது என்று அப்போது பெரிய பயம் கிளம்பியது. 1999-ல் இன்டெல் தன் பென்டியம் 3 சில்லுகளுக்குள் ஆளுக்கொரு தனி எண் பொறித்து, எதிர்ப்பு கிளம்பி, பின்னால் வந்த சில்லுகளில் கைவிட்ட கதை எல்லோருக்கும் நினைவிருந்தது. 2001 ஜூலையில் பெர்லினைச் சேர்ந்த ஃபுல்லி லைசென்ஸ்ட் என்ற சிறு கம்பெனி, எக்ஸ்பியின் சோதனைப் பதிப்பைப் பிரித்துப் பார்த்து அது எதையெல்லாம் எடுத்துக்கொள்கிறது என்று வெளியிட்டது. பத்து விஷயங்கள். ப்ராசஸரின் வகை, அதன் தனி எண் இருந்தால் அது, மெமரியின் அளவு, ஹார்ட் டிஸ்க், அதன் வால்யூம் எண், கிராபிக்ஸ் கார்டு, சிடி டிரைவ், ஐடிஇ கன்ட்ரோலர், ஸ்கஸி கன்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு. ஒவ்வொன்றிலிருந்தும் சில பிட்டுகள் மட்டுமே கைரேகை மாதிரி எடுக்கப்பட்டன. அதை வைத்து உங்களிடம் என்ன கார்டு இருக்கிறது என்று திருப்பிக் கண்டுபிடிக்க முடியாது. உளவு பார்க்கிறது என்ற குற்றச்சாட்டு அளவுக்கு மீறியது என்பதை மைக்ரோசாஃப்டுக்கு வெளியே உள்ளவர்களே நிரூபித்தார்கள்.

சுவாரசியம் அடுத்துதான். "அதே கணினியா?" என்ற கேள்விக்கு எக்ஸ்பி ஓட்டெடுப்பு நடத்தியது! நெட்வொர்க் கார்டு பழையதாகவே இருந்தால், மற்றவற்றில் ஆறு மாறும்வரை அது அதே கணினி. நெட்வொர்க் கார்டும் மாறிவிட்டால், அல்லது முதலிலிருந்தே இல்லாவிட்டால், நான்கு மாற்றத்திலேயே வேறு கணினியாகிவிடும். ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால் இந்தப் பத்தில் மாறுவது ஒன்றே ஒன்று, வால்யூம் எண். ஆகவே அதே கணினியில் மறுபடி போடுபவர் மற்ற ஒன்பது ஓட்டும் வாங்கி ஜெயித்துவிடுவார். ஒரே வன்பொருளில் எத்தனை முறை மறுபடி போட்டாலும் ஆக்டிவேஷன் கிடைக்கும், கணக்கு வைப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டும் சொன்னது. விவரம் தெரிந்தவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். ஆக்டிவேஷன் விவரம் சிஸ்டம்32 கோப்புறையில் டபிள்யூபிஏ.டிபிஎல் என்ற சின்னஞ்சிறு கோப்பில்தான் இருந்தது. ஃபார்மேட் செய்யும் முன் அதை ஃப்ளாப்பியில் எடுத்து வைத்து, பிறகு திருப்பிப் போட்டால் மைக்ரோசாஃப்டைக் கூப்பிடவே வேண்டாம்.

ஓட்டில் தோற்றவர்களுக்குத் தொலைபேசி. ஐம்பதுக்கு மேற்பட்ட இலக்கங்களைப் படித்துக் காட்ட வேண்டும். மறுமுனையில் ஒரு கேள்வி வரும்: இந்த விண்டோஸ் எத்தனை கணினியில் போடப்பட்டிருக்கிறது? "ஒன்றில்" என்றால் 42 இலக்கங்களைச் சொல்வார்கள், தட்டினால் திறக்கும். இத்தனை கணிதமும் கைரேகையும் சர்வரும் கடைசியில் போய் நின்றது ஒரு மனிதர் இன்னொருவரிடம் சத்தியம் வாங்குகிற இடத்தில். இது ஏற்பாட்டின் குறை இல்லை, அதில் இருந்த ஒரே மனிதத்தனம் என்றே சொல்ல வேண்டும்.

சரி, திருட்டு நின்றதா? எக்ஸ்பி கடைக்கு வரும் முன்பே கள்ளப் பிரதி இணையத்தில் உலாவியது. நூற்றுக்கணக்கான கணினி வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் போன் செய்துகொண்டிருக்க முடியாது என்பதால், அவர்களுக்கு ஆக்டிவேஷனே தேவைப்படாத தொகுதிச் சாவி கொடுக்கப்பட்டது. அதில் எஃப்-சி-கே-ஜி-டபிள்யூ என்று தொடங்கும் ஒன்று வெளியே கசிந்து உலகப் புகழ் பெற்றது. சிடியின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி விற்கப்பட்ட சாவி அதுதான். 2002 செப்டம்பரில் வந்த முதல் சர்வீஸ் பேக் அந்தச் சாவியைக் கண்டால் ஏற மறுத்தது. அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. முழு விலை கொடுத்து வாங்கியவர் 54 இலக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க, நடைபாதையில் வாங்கியவருக்கு அந்தத் தொல்லையே இல்லை!

இனி அந்த இரட்டை விலைக்கு வரலாம். வணிகவியல் படிப்பவர்களுக்கு இந்தப் பகுதி தித்திக்கும்.

எக்ஸ்பி ஹோம் பதிப்பின் முழுப் பெட்டி அமெரிக்காவில் 199 டாலர். அதே எக்ஸ்பி, கணினி அசெம்பிள் செய்பவர்களுக்கான ஓஇஎம் பதிப்பாகக் கிட்டத்தட்ட பாதி விலைக்குக் கிடைத்தது. உள்ளே ஒரு பைட்டுகூட வித்தியாசமாக வேலை செய்யாது. பிறகு எதற்குப் பாதி விலை? சந்தேகம் வந்தால் மைக்ரோசாஃப்டைக் கேட்க முடியாது, கணினி விற்றவரைத்தான் கேட்க வேண்டும் என்பது ஒன்று. முக்கியமானது மற்றது. பெட்டியில் வாங்கிய விண்டோஸைப் பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். ஓஇஎம் பதிப்பு முதலில் ஏறிய கணினியோடு பிறந்து அதோடு சாகும். ஆக அந்த நூறு டாலர் வித்தியாசம் மென்பொருளின் விலையே அல்ல. சாவியை இன்னொரு கணினிக்குக் கொண்டுபோகும் உரிமையின் விலை. ஒரே பொருளை இரண்டு விலைக்கு விற்க வேண்டுமானால் மலிவாக வாங்கியவர் அதை வெளியே கொண்டுபோகாமல் தடுக்க வேண்டும். சாவியின் வேலை திருடனைத் தடுப்பது மட்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இரண்டு விலைக்கும் நடுவே நிற்கிற சுவரும் அதுதான்.

சுவர் கட்டினால் எல்லை வரைய வேண்டும். ஓஇஎம் கணினியில் எதை மாற்றினால் அது புதுக் கணினி? மைக்ரோசாஃப்ட் விற்பனையாளர்களுக்குச் சொன்ன பதில்: மதர்போர்டு. மற்ற எதையும் மாற்றிக்கொள்ளலாம், மதர்போர்டு கணினியின் இதயமும் ஆன்மாவும் என்றே எழுதிவைத்தார்கள். பழுதானதால் மாற்றினால் மன்னிப்பு உண்டு, வேகத்துக்காக மாற்றினால் புது உரிமம் வாங்க வேண்டும். அரிவாள்மனையின் கட்டையை ஒரு வருடமும் இரும்பை மறு வருடமும் மாற்றிய பாட்டியிடம் இது அதே அரிவாள்மனையா என்று கேட்டால் சிரிப்பார். இங்கே அது ஒப்பந்தச் சட்டம்.

டெல், எச்பி மாதிரி பெரிய தயாரிப்பாளர்களின் கணினியில் இன்னொரு விசித்திரம். தொழிற்சாலையில் ஏற்றிய விண்டோஸ் பயாஸில் உள்ள ஓர் அடையாளத்தைப் பார்த்துத் தானே திருப்தி அடைந்துவிடும், ஆக்டிவேஷன் தேவையில்லை. கேபினெட்டின் பக்கவாட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் வேறொரு சாவி இருக்கும், மறுபடி போடுகையில் கைகொடுக்க. அந்த ஸ்டிக்கர்தான் திருடர்களுக்கு விருந்து. கிழித்து விற்கலாம், கடையில் நின்றபடியே பார்த்து எழுதிக்கொள்ளலாம். 2005 பிப்ரவரி 28 முதல், உலகின் 20 பெரிய தயாரிப்பாளர்களின் ஸ்டிக்கர் சாவிகளுக்கு இணையம் வழியான ஆக்டிவேஷனை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. தயாரிப்பாளர் தந்த சிடி தொலைந்துபோய், வேறு சிடியைப் போட்டுத் தன் கணினியின் பக்கவாட்டிலேயே ஒட்டியிருக்கும் தன் சொந்தச் சாவியை அடித்தவர், இனி போன் செய்து நிரூபிக்க வேண்டும். அதே கணினியில் அதே சாவி என்ற மிகச் சாதாரணமான, முழுக்க நியாயமான காரியத்துக்குத்தான் முதல் அடி விழுந்தது.

2005 ஜூலையில் இன்னொரு காவலாளி வந்தார், ஜெனுயின் அட்வான்டேஜ். டவுன்லோடு செய்யும்போதெல்லாம் உங்கள் விண்டோஸ் அசல்தானா என்று பரிசோதனை. 2007 ஆகஸ்ட் 24 அன்று, விண்டோஸ் 95-க்குச் சரியாகப் பன்னிரண்டு வயது நிறைந்த நாளில், மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவரின் தவறால் சோதனையில் இருந்த நிரல் சர்வருக்குப் போய்விட்டது. மறுநாள் வரை, அசல் விண்டோஸ் வைத்திருந்த சுமார் 12,000 கணினிகள் கள்ளப் பிரதி என்று முத்திரை குத்தப்பட்டன. விஸ்டா வைத்திருந்தவர்களுக்குச் சில வசதிகள் பறிபோயின. மைக்ரோசாஃப்ட் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்தது. எண்ணிக்கை பெரிதில்லை. ஆனால் காசு கொடுத்ததற்கான சாட்சி வாங்கியவர் கையில் இல்லை, விற்றவர் கையில் இருக்கிறது என்பது அன்று பலருக்கு உறைத்தது.

இந்தக் கதையில் பயனர்கள் ஜெயித்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 2006 அக்டோபரில், விஸ்டா வருவதற்குச் சில மாதம் முன்பு, அதன் உரிம ஒப்பந்தம் வெளியானது. பெட்டியில் வாங்கிய விண்டோஸைக்கூட வேறு கணினிக்கு ஒரே ஒரு முறைதான் மாற்றலாம் என்று அதில் ஒரு வரி. கொதித்தவர்கள் யார்? கள்ளப் பிரதிக்காரர்களா? அவர்கள் ஒப்பந்தத்தைப் படிப்பதே இல்லை! சொந்தமாகக் கணினி அசெம்பிள் செய்பவர்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மதர்போர்டு மாற்றுபவர்கள், முழு விலை கொடுத்து வாங்கும் ஆர்வலர்கள். மைக்ரோசாஃப்டின் மிக நல்ல வாடிக்கையாளர்கள். இணையம் முழுக்கச் சண்டை. நவம்பர் 2 அன்று மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. ஒரு முறை என்ற வார்த்தை போய், ஒரு கணினியிலிருந்து நீக்கிவிட்டு இன்னொன்றில் போட்டுக்கொள்ளலாம், ஒரே நேரத்தில் இரண்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று மாறியது. முன்னாலேயே அப்படி எழுதியிருந்தால் என்ன?

நீதிமன்றங்கள் என்ன சொல்லின? ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் 2000 ஜூலை 6 அன்றே ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டது. பெர்லினில் ஒரு வியாபாரி ஓஇஎம் மென்பொருளைக் கணினி இல்லாமல் தனியாக விற்றார், மைக்ரோசாஃப்ட் வழக்குப் போட்டது. உரிமையாளர் சம்மதத்தோடு சந்தைக்கு வந்த பிரதி அதன்பின் எப்படி விற்கப்பட வேண்டும் என்று அவர் கட்டளையிட முடியாது என்றது நீதிமன்றம். 2012 ஜூலை 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஆரக்கிள் சம்பந்தப்பட்ட வழக்கில் இதை இன்னும் விரித்து, டவுன்லோடு செய்து வாங்கியதையும், தன் பிரதியை அழித்துவிட்டு விற்கலாம் என்றது. அமெரிக்கா நேர் எதிர்த் திசையில் போனது. திமோதி வெர்னர் என்பவர் பழைய ஆட்டோகேட் சிடிக்களை ஈபேயில் விற்கப் போக, 2010 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இது உரிமம் என்று ஒப்பந்தம் சொல்லி, கைமாற்றுவதையும் பயன்பாட்டையும் கட்டுப்படுத்தியிருந்தால், வாங்கியவர் உரிமையாளரே அல்ல. ஒரே பெட்டி, பெர்லினில் விற்பனை, சியாட்டிலில் உரிமம்.

இந்தியாவில் இதே கேள்வி வருமான வரி, விற்பனை வரி வழியாக வந்தது என்பது நம் பாடத்துக்கு நெருக்கமான சங்கதி. கடையில் கிடைக்கும் மென்பொருள் சரக்குதான், விற்பனை வரி உண்டு என்று டாடா கன்சல்டன்சி வழக்கில் 2004 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 மார்ச் 2 அன்று எஞ்சினியரிங் அனாலிசிஸ் வழக்கில், வெளிநாட்டு மென்பொருளுக்கு இந்தியப் பயனரும் விநியோகஸ்தரும் தரும் தொகை ராயல்டி அல்ல, சரக்கின் விலை, அதில் டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை என்றது. இரண்டும் வரி வழக்குகள். பழைய விண்டோஸை விற்கலாமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஆனாலும் உரிமம் என்று மேலே எழுதிவிட்டால் மட்டும் விற்பனை மறைந்துவிடாது என்று நீதிபதிகள் பார்த்த பார்வை கவனிக்க வேண்டியது.

இதற்கிடையில் சாவியே கண்ணில் படாமல் போய்விட்டது. 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8 முதல் பெரிய தயாரிப்பாளர்கள் சாவியை மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே எழுதி அனுப்பினார்கள். ஸ்டிக்கரில் எண் இல்லை. மறுபடி போடும்போது விண்டோஸே அதைப் படித்துக்கொள்ளும், யாரையும் கேட்காது. லேப்டாப்பின் அடியில் அழிந்துபோன எழுத்துகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது நிஜமாகவே நிம்மதி, சந்தேகமில்லை.

2015 ஜூலை 29-ல் விண்டோஸ் 10 வந்து, விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடம் இலவசம் என்றது. அப்படி மாறிய கணினிகளில் சாவியைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம். ஒரே பதிப்பு வைத்திருந்த லட்சக்கணக்கானவர்களிடமும் ஒரே சாவி! விண்டோஸ் 95-ல் எல்லோரும் பத்து ஒன்றுகளை அடித்தார்களே, கிட்டத்தட்ட அதே நிலைமை, இம்முறை முழுச் சட்டப்படி. சாவி வெறும் சடங்காகிவிட்டது. உங்கள் வன்பொருளின் கைரேகை மைக்ரோசாஃப்ட் சர்வரில் இருக்கிறது, அதுதான் உரிமம். முதலில் டிஜிட்டல் என்டைட்டில்மென்ட் என்று பெயர், 2016-ல் டிஜிட்டல் லைசென்ஸ். அதே கணினியில் மறுபடி போடுபவர் சாவி கேட்கும் இடத்தில் "என்னிடம் இல்லை" என்று தாண்டிப் போனாலே போதும். மதர்போர்டை மாற்றினால் மட்டும் கைரேகை பொருந்தாது. அதற்கும் 2016 ஆகஸ்டில் ஒரு வழி வந்தது, உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துக்கொள்ளலாம். சாவி வீட்டில் ஒரு காகிதத்தில் இருந்த காலம் போய், உள்நுழைந்து கேட்டு வாங்கும் காலம் வந்தது.

பழைய சாவிகள் உடனே சாகவில்லை. 2015 நவம்பர் முதல் விண்டோஸ் 7, 8 சாவிகளை அடித்தே விண்டோஸ் 10-ஐ ஆக்டிவேட் செய்ய முடிந்தது. இலவசச் சலுகை 2016 ஜூலையில் முடிந்ததாக அறிவித்த பிறகும் அது வேலை செய்தது. மைக்ரோசாஃப்ட் கண்டுகொள்ளவில்லை. 2009-ல் விண்டோஸ் 7 வாங்கியவரின் மங்கிய ஸ்டிக்கர் விண்டோஸ் 11 வரைக்கும் சோறு போட்டது. 2023 செப்டம்பரில்தான் அந்தக் கதவைச் சாத்தினார்கள். ஏற்கனவே மாறிவிட்டவர்களின் டிஜிட்டல் உரிமத்தில் கை வைக்கவில்லை.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறக் கட்டணம் இல்லை, உரிமமும் தானே கூட வரும், ஆனால் கணினியில் டிபிஎம் 2.0 சில்லும் பட்டியலில் உள்ள ப்ராசஸரும் இருக்க வேண்டும். 2015-ல் வாங்கிய பெரும்பாலான கணினிகளில் அந்த ப்ராசஸர் கிடையாது. அந்தக் கணினியை இன்று ஃபார்மேட் செய்து விண்டோஸ் 10-ஐ மறுபடி போட்டால் சாவி கேட்காமலே ஆக்டிவேட் ஆகும்.